கச்சிலிருந்து 34 பி வரை: ஓர் உள்ளாடை அளவின் வரலாறு

வேங்கிக்காலில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் இன்றைக்கும் பிரா என்று சொல்வதில்லை. "பாடி" என்றுதான் சொல்கிறார்கள். அதையும் குரலைத் தாழ்த்தித்தான். இளம்பெண்கள் "இன்னர்" என்று சொல்லி நழுவிவிடுகிறார்கள். சொல் மாறினாலும் கடையில் நடப்பது ஒன்றுதான். "என்ன சைஸ்?" என்று கேட்பார்கள், நாம் ஒரு எண்ணைச் சொல்வோம், அட்டைப்பெட்டி வரும், செய்தித்தாளிலோ கறுப்பு கவரிலோ சுற்றித் தருவார்கள். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

அந்த எண் எங்கிருந்து வந்தது, யார் முடிவு செய்தது, அது எதை அளக்கிறது என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். மார்பு சற்றுப் பெரிதாக உள்ள பெண்களுக்கு ஏன் எந்தப் பெட்டியும் சரியாக அமைவதில்லை என்பதற்கும் அந்த வரலாற்றில் பதில் இருக்கிறது. அந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

கட்டிக்கொண்ட காலம்

மார்பைத் தாங்கும் துணி நமக்குப் புதிதல்ல. கச்சு, வம்பு, வார் என்று பழைய தமிழில் அதற்குப் பல பெயர்கள் உண்டு. சண்டைக்குத் தயாராக நிற்பவரைக் "கச்சை கட்டிக்கொண்டு வருகிறார்" என்று இப்போதும் சொல்கிறோமே, அந்தக் கச்சைக்கும் கச்சுக்கும் பொருள் உறவு தெளிவாகத் தெரிகிறது. இரண்டுமே இறுக்கிக் கட்டுவதுதான்.

கோயில்களிலும் இதைப் பார்க்கலாம். தென்னிந்தியச் செப்புத்திருமேனிகளில் பெருமாளுக்கு இரண்டு பக்கமும் ஸ்ரீதேவியும் பூதேவியும் நிற்பார்கள். இருவரையும் வேறுபடுத்திக் காண ஒரு வழி, ஸ்ரீதேவிக்கு மார்புக்கச்சு இருக்கும், பூதேவிக்கு இருக்காது. சிற்ப நூல்காரர்கள் அதைக் குசபந்தம் என்பார்கள். அடுத்த முறை பெருமாள் கோயிலுக்குப் போகும்போது கவனித்துப் பாருங்கள்.

நம் விஷயத்துக்கு இதில் முக்கியமானது ஒன்று உண்டு. கச்சுக்கு சைஸ் கிடையாது. அது ஒரு நீளத் துணி. கட்டுபவள் தன் உடம்புக்கு ஏற்ப இழுத்து முடிந்துகொள்வாள். மாதத்தில் சில நாள் மார்பு கனத்தால் தளர்த்திக் கட்டுவாள், பிள்ளை பெற்ற பிறகு வேறு மாதிரி கட்டுவாள். உடம்பு மாறினால் முடிச்சும் இடம் மாறும், அவ்வளவுதான். அளவு என்ற கேள்வி, துணியைத் தைத்து மூடிய பிறகுதான் பிறக்கிறது.

தைத்த துணி வந்ததும்

தைத்த மேலாடை தமிழ்ப் பெண்களிடம் சுலபமாக வந்து சேரவில்லை. யார் எதைப் போடலாம் என்று ஊரும் அரசும் தீர்மானித்த காலம் அது. பழைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று நாம் படிப்பது இதைத்தான். கர்னல் மன்றோ திவானாக இருந்த 1813-14 வாக்கில் கிறிஸ்தவரான பெண்களுக்கு அனுமதி தந்த ஆணையில் தொடங்கி, 1820களிலும் 1858-59இலும் கலவரங்களாக வெடித்து, 26 ஜூலை 1859 அன்று வெளியான அரச அறிவிப்பில் வந்து நின்றது. அந்த அறிவிப்பும் முழு உரிமை தரவில்லை. குப்பாயம் போடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல மேல்சீலை அணியக் கூடாது என்றது.

அங்கே மிஷனரி குடும்பத்துப் பெண்கள் தைக்கக் கற்றுக்கொடுத்த குப்பாயம் தளர்வான ஒரு சட்டை. மறைப்பதுதான் அதன் வேலை. தாங்குவது பற்றி யாரும் யோசித்திருக்க வழியில்லை. போடவே உரிமை இல்லாத இடத்தில், சரியாகப் பொருந்துகிறதா என்று கேட்க முடியுமா?

நம் வடாற்காட்டுப் பக்கம் கதை வேறு. இங்கே ரவிக்கை போடாமல் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்ட பாட்டிகளை என் தலைமுறையே பார்த்திருக்கிறது. ரவிக்கை மெதுவாக எல்லா வீட்டுக்கும் வந்தது. அதற்கும் பின்னால்தான் பாடி வந்தது. சொல் ஆங்கிலத்தின் பாடீஸ், அதாவது இடுப்புக்கு மேல் அணியும் இறுக்கமான உடை. அந்த ஆங்கிலச் சொல்லே "உடல்கள்" என்ற பன்மையிலிருந்து வந்தது. இரண்டு பாதியாகத் தைத்து நாடாவால் இணைத்த உடையை ஒரு ஜோடி "பாடீஸ்" என்றார்கள். ஆக, நம் பாட்டிகள் பாடி என்று சொன்னது ஒன்றும் கொச்சை இல்லீங்க. நானூறு வருஷத்துப் பழைய சொல் வரலாறு அதற்குள் இருக்கிறது.

ரவிக்கைக்கு அளவு, பாடிக்கு எண்

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். நம்மூரில் எந்தப் பெண்ணும் ரவிக்கையை எண் சொல்லி வாங்குவதில்லை. டெய்லரிடம் அளவு ரவிக்கை கொடுப்போம். "கை அரை இன்ச் ஏத்துங்க, கழுத்து கொஞ்சம் இறக்குங்க, போன தடவை அக்குள்ல பிடிச்சது" என்று நின்று சொல்வோம். சரியாக வரவில்லை என்றால் திரும்பக் கொண்டுபோய்ப் பிரித்துத் தைத்து வாங்குவோம். டெய்லரிடம் சண்டை போட நமக்குக் கூச்சமே கிடையாது.

அதே பெண், அந்த ரவிக்கைக்கு உள்ளே போடுவதை மட்டும் அளக்காமல், போட்டுப் பார்க்காமல், பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ சொன்ன எண்ணை வைத்து வாங்குகிறாள். பெரும்பாலும் அந்த யாரோ அம்மா. இல்லாவிட்டால் கல்லாவில் இருந்தவர் கண்ணால் பார்த்துச் சொன்னது. நான் சில மாதங்களாக வேங்கிக்காலில் தெரிந்த பெண்களிடம் "கடைசியாக எப்போது அளந்தீர்கள்?" என்று கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் பதில் சிரிப்புதான்.

துணியிலேயே தைத்த பழைய பாடியில் இந்தச் சிக்கல் குறைவு. அதிலும் டெய்லர் கை இருந்தது, முன்பக்கக் கொக்கியோ முடிச்சோ இருந்தது. பெட்டியில் வரும் ரெடிமேட் பிரா வந்த பிறகு டெய்லர் நடுவிலிருந்து விலகிவிட்டார். அவர் இடத்தில் ஒரு எண்ணும் ஒரு ஆங்கில எழுத்தும் வந்து உட்கார்ந்தன.

எழுத்து வந்த கதை

எண்ணும் எழுத்தும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. பாரிஸில் எர்மினி கடோல் என்ற பெண்மணி 1889 வாக்கில் கார்செட்டை இரண்டாக வெட்டி, மேல்பாதியைத் தோள்பட்டையில் தொங்கவிட்டார். அமெரிக்காவில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் இரண்டு கைக்குட்டையையும் ரிப்பனையும் சேர்த்துத் தைத்த வடிவத்துக்கு 3 நவம்பர் 1914 அன்று காப்புரிமை பெற்றார். பிறகு அதை வார்னர் கார்செட் கம்பெனிக்கு 1,500 டாலருக்கு விற்றுவிட்டார். இந்த வடிவங்களில் கப் அளவு என்று ஒன்று கிடையாது. மார்பைத் தட்டையாகக் காட்டுவது அடுத்த பத்தாண்டில் ஃபேஷனாகவும் இருந்தது.

1932இல் எஸ்.எச். கேம்ப் என்ற அமெரிக்க நிறுவனம் மார்பின் அளவையும் தொய்வையும் ஏ, பி, சி, டி என்று நான்கு எழுத்தில் வகைப்படுத்தியது. 1933 பிப்ரவரியில் அந்தத் தொழிலின் பத்திரிகையில் விளம்பரமும் வந்தது. 1937இல் வார்னர் அதே நான்கு எழுத்தைத் தன் பிராக்களில் போட்டது. பிரிட்டன் இந்த முறைக்கு வரவே 1950கள் ஆகிவிட்டன.

கவனியுங்கள், நான்கே எழுத்துதான். டி-க்கு மேலே உள்ள பெண்கள் அப்போதும் இருந்தார்கள். அட்டவணையில்தான் அவர்களுக்கு இடமில்லை. பின்னால் நாட்டுக்கு நாடு அவரவர் விருப்பப்படி எழுத்தை நீட்டினார்கள். பிரிட்டனில் டி-க்குப் பின் டிடி, இ, எஃப், எஃப்எஃப். அமெரிக்காவில் டி, டிடி, டிடிடி. ஐரோப்பாவில் டி, இ, எஃப் என்று நேராகப் போகிறது. ஏ முதல் டி வரை ஓரளவு ஒத்துப்போகும் அளவு, பெரிய கப் வந்ததும் குழம்புவதற்கு இதுதான் காரணம்.

ஒளிந்திருக்கும் நாலு இன்ச்

இப்போது கணக்குக்கு வருவோம். சைஸில் இரண்டு பகுதி. எண் என்பது மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றிவரும் பட்டி. எழுத்து என்பது முழுமார்புச் சுற்றளவுக்கும் அந்தப் பட்டிக்கும் உள்ள வித்தியாசம். ஒரு இன்ச் என்றால் ஏ, இரண்டு பி, மூன்று சி, நான்கு டி. பிரிட்டிஷ் முறையில் ஐந்து டிடி, ஆறு இ, ஏழு எஃப். அப்படின்னா பி என்பது தனியாக ஒரு அளவே அல்ல. 32 பி-யின் கப்பும் 38 பி-யின் கப்பும் ஒன்றல்ல. பட்டி ஒரு படி ஏறினால், கப் ஒரு எழுத்து இறங்கினால், உள்ளே இருக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றே. 32 டிடி, 34 டி, 36 சி, 38 பி நான்கும் உடன்பிறப்புகள்.

சிக்கல் எங்கே என்றால், பழைய முறையில் அடிமார்பு அளவோடு நாலு இன்ச் கூட்டித்தான் எண்ணைச் சொல்வார்கள். துணி கொஞ்சமும் நெகிழாத காலத்தில், மூச்சு விட இடம் வேண்டும் என்பதால் அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். ஆனால் 1958இல் டூபாண்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் ஸ்பான்டெக்ஸ் இழையைக் கண்டுபிடித்தார், அதுவே லைக்ரா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பட்டி இப்போது இழுத்தால் நாலைந்து இன்ச் நீள்கிறது. கூட்டல் மட்டும் போகவில்லை.

வீட்டில் இருக்கும் ஒரு பெட்டியை எடுத்துப் பாருங்கள். பலவற்றில் "34 பி / 75 பி" என்று இரண்டு எண் போட்டிருக்கும். 75 என்பது சென்டிமீட்டர். 75 சென்டிமீட்டர் என்றால் இருபத்தொன்பதரை இன்ச். 34 இன்ச் என்றால் 86 சென்டிமீட்டர். ஒரே பெட்டியில், ஒரே பட்டிக்கு, நாலரை இன்ச் வித்தியாசத்தில் இரண்டு எண்! 34 என்பது வெறும் பெயராகிவிட்டது, 75தான் உங்கள் விலாவைப் பற்றிப் பேசுகிறது.

சிறிய மார்புள்ளவர்களுக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை. பெரிய கப் வேண்டியவருக்கு என்ன நடக்கிறது என்று ஒரு உதாரணம் பார்ப்போம். அடிமார்பு 32 இன்ச், முழுமார்பு 39 இன்ச். நேரடியாகக் கழித்தால் 7 இன்ச், அதாவது பிரிட்டிஷ் 32 எஃப். அதன் உடன்பிறப்புகள் 34 இ, 36 டிடி. இப்போது நாலைக் கூட்டுங்கள். பட்டி 36, வித்தியாசம் 3, ஆக 36 சி. பட்டி 36 என்றே வைத்துக்கொண்டாலும், டிடி இருக்க வேண்டிய இடத்தில் சி வந்து நிற்கிறது. கப்பில் இரண்டு படி பறிபோய்விட்டது. அதோடும் முடியவில்லை. கடையில் சி கப்பும் இல்லை என்றால் "38 பி போட்டுக்குங்க, சரியா இருக்கும்" என்பார்கள். விலா 32 இன்ச், பட்டியின் பெயர் 38.

பிறகு நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தளர்ந்த பட்டி முதுகில் மேலே ஏறும். பாரமெல்லாம் தோள் ஸ்ட்ராப்புக்குப் போகும். தோளில் பள்ளம் விழும், மாலையில் கழுத்து வலிக்கும், மேலே சதை பிதுங்கும், கீழே வியர்வையில் புண் வரும். அவளோ "என் உடம்புதான் சரியில்லை" என்று நினைத்து அடுத்த முறை 40 கேட்பாள். ஆஸ்திரேலியாவில் 18 முதல் 26 வயதுள்ள 30 பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியான ஓர் ஆய்வில் 80 சதவீதம் பேர் தவறான சைஸ் அணிந்திருந்தார்கள். 70 சதவீதம் பேருக்குச் சின்னது, 10 சதவீதம் பேருக்குப் பெரியது. சிறிய ஆய்வுதான். ஆனால் தவறு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பாருங்கள்.

கடைக்காரர் பக்கக் கணக்கு

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 30 முதல் 40 வரை ஆறு பட்டி, எல்லாம் பி கப் என்றால் ஆறு பெட்டி போதும். அதே ஆறு பட்டிக்கு பி, சி, டி, டிடி, இ, எஃப் என்று ஆறு கப் வைத்தால் 36 பெட்டி. மூன்று நிறம் என்றால் 108. மாடல் நாலு என்றால் 432. தேரடி வீதியில் பத்தடி அகலக் கடையில் இதை எங்கே அடுக்குவது? எத்தனை நாள் முடங்கிக் கிடக்கும்? குறைந்த பெட்டியில் நிறையப் பேரை அடக்க அந்த நாலு இன்ச் கூட்டல் கைகொடுக்கிறது. காலாவதியான ஒரு விதி இத்தனை காலம் பிழைத்திருப்பதற்கு வியாபார நியாயம் இதுதான் என்பது என் கணிப்பு.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. உலகத்துக்கே பிரா தைக்கும் பகுதி நம்முடையது. 1987இல் தொடங்கிய இலங்கையின் எம்.ஏ.எஸ். ஹோல்டிங்ஸ் உலகின் பெரிய உள்ளாடைத் தயாரிப்பாளர்களில் ஒன்று. கிளிநொச்சியில்கூட அவர்களுக்கு ஆலை உண்டு. எத்தனையோ சைஸ்களைத் தைத்து ஏற்றுமதி செய்யும் இந்தப் பகுதியின் பெண்கள், தங்கள் ஊர்க் கடையில் ஆறு பெட்டிக்குள் தங்களைத் தேட வேண்டியிருக்கிறது.

பெரிய கப் தேடுபவர்களுக்கு

வரலாற்றைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக, படித்ததையும் கேட்டதையும் வைத்துச் சில குறிப்புகள்.

முதலில் இன்ச் டேப். டெய்லர் வைத்திருக்கும் அதே டேப் போதும். மார்புக்குக் கீழே, தரைக்கு இணையாக, மூச்சை விட்ட நிலையில் நன்றாகப் பிடித்து அளக்கவும். பிறகு முழுமார்பை இறுக்காமல் அளக்கவும். மார்பு கனத்துத் தாழ்ந்திருந்தால் நிமிர்ந்து ஒரு தடவை, இடுப்பை வளைத்துக் குனிந்து ஒரு தடவை அளந்து சராசரி எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் சென்டிமீட்டரிலும் குறித்து வையுங்கள். பெட்டியின் பின்னால் உள்ள அட்டவணையில் எண்ணை விட்டுவிட்டு சென்டிமீட்டர் வரிசையைப் பாருங்கள்.

புதுசு வாங்கும்போது கடைசி வரிசைக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான இடத்தில், பட்டி பிடிப்பாக நிற்க வேண்டும். துவைத்துத் துவைத்துத் தளரும்போது உள் வரிசைக்குப் போகலாம். முதல் நாளே உள் வரிசைக்குப் போனால் பிறகு போக இடமில்லை.

போட்டதும் லேசாகக் குனிந்து, அக்குள் பக்கத்துச் சதையைக் கையால் கப்புக்குள் எடுத்துவிடுங்கள். பலருக்கு அப்போதுதான் கப் போதவில்லை என்றே தெரியவரும். கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பட்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா? ஒயர் உள்ள மாடல் என்றால், நடுப்பகுதி நெஞ்செலும்பில் படிகிறதா, ஒயர் மார்பின் அடி மடிப்பில் உட்காருகிறதா, சதைமேல் ஏறுகிறதா? ஸ்ட்ராப்பை இரண்டு பக்கமும் தோளிலிருந்து நழுவவிட்டும் பட்டி இடத்திலேயே நின்றால், தாங்கும் வேலையைப் பட்டி செய்கிறது என்று அர்த்தம். பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது அதுதான்.

மாடலில், அச்சில் வார்த்த ஒரே துண்டு கப்பைவிட, இரண்டு மூன்று துண்டாகத் தையல் போட்ட ஃபுல் கப் பெரிய மார்பை நன்றாகத் தாங்கும். வார்த்த கப்புக்கு ஒரே வடிவம்தான், தையலுக்கு வடிவத்தைக் கூட்டிக் குறைக்கும் வழி உண்டு. ரவிக்கையில் டார்ட் பிடிப்பது எதற்கோ அதற்குத்தான் இதுவும். நம் வெயிலுக்கு உள்பக்கம் பருத்தி இருந்தால் நல்லது.

போட்டுப் பார்க்க விடாத கடைகள் நம்மூரில் நிறைய. சைஸ் மாற்றித் தருவார்களா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்ப முடிகிற இடத்தில், பக்கத்துப் பக்கத்து உடன்பிறப்பு சைஸ் இரண்டை வாங்கி, பொருந்தாததைத் திருப்பலாம். மேலே சொன்ன உதாரணப் பெண் 34 இ-யிலும் 36 டிடி-யிலும் தொடங்கிப் பார்க்கலாம். அந்த எழுத்து பிரிட்டிஷ் முறையா, அமெரிக்க முறையா, ஐரோப்பிய முறையா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. வீட்டில் பெண் பிள்ளை இருந்தால், முதல் பாடி வாங்கும்போது எண்ணைச் சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்தாமல் டேப்பையும் கையில் கொடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, எடை ஏறினாலோ இறங்கினாலோ, பிள்ளைப்பேற்றுக்குப் பின்னாலோ இன்னொரு தடவை அளக்கச் சொல்லுங்கள். அளவு ரவிக்கை வைத்திருக்கும் பீரோவில் ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு எண்ணும் தேதியும் எழுதி வைத்தால் போதும். அடுத்த தடவை "என்ன சைஸ்?" என்று கடையில் கேட்கும்போது அதைப் பார்த்துச் சொல்லலாம்.